மணமாகாத பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அவசியமா?

கொடிவேரி (கோபி) எழுதியது:

எனக்கு 41 வயது. கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய கிராமத்தில் அம்மாவுடன் வசிக்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை; எந்த வகையான பாலுறவு அனுபவமும் எனக்கு இருந்ததில்லை. இதைப் பலர் படிக்கும் இடத்தில் எழுதத் தயக்கம் இருந்தது. ஆனால் என் கேள்வி முழுவதும் இதைப் பொறுத்தே அமைவதால், மறைத்து எழுதிப் பயனில்லை.

எங்கள் ஈரோடு மாவட்டத்தில் 2023 நவம்பரில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைப் பற்றி இங்குள்ள பலர் அறிந்திருப்பீர்கள். கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களோடு ஈரோட்டையும் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் பரிசோதனை உண்டு என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், நானும் போனேன். பதிவு மேசையில் கணவர் பெயரைக் கேட்டார்கள். இல்லை என்றதும், “கல்யாணம் ஆகலீங்களா? அப்படின்னா உங்களுக்குக் கர்ப்பப்பை டெஸ்ட் வேண்டாமுங்க, மார்பு மட்டும் பார்த்துக்கங்க” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப்பேர் எங்கள் உறவினர்கள். அந்த நேரத்தில் எதிர்த்து ஒரு சொல் கேட்க எனக்கு நா எழவில்லை.

இப்போது நான் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று. அந்த மேசையில் சொன்னது மருத்துவ முறைப்படி சரியா? சரி என்றால், 30 வயது கடந்த எல்லாப் பெண்களும் வரவேண்டும் என்று ஏன் அழைக்கிறார்கள்? என்னைப் போன்றவர்களுக்கு இந்த நோய் வரவே வராதா, அல்லது குறைவாக வருமா? படித்தவர்களும் அனுபவம் உள்ளவர்களும் பொறுமையாக விளக்கினால் எனக்கு மட்டுமல்ல, எங்கள் ஊரில் என்னைப் போல இருக்கும் மற்றவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலி (பெருந்துறை) எழுதியது:

அம்மிணி, உங்களிடம் அப்படிப் பேசியது தவறு. சொன்ன செய்தி ஒருபுறம் இருக்கட்டும். அதை நாலு பேர் முன்னால் சொன்னதே தவறு.

நான் கிராம சுகாதார செவிலியராக இந்த மாவட்டத்திலேயே பணி செய்து ஓய்வு பெற்றவள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வேலையின் அச்சாணியே தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, அதாவது பிள்ளை பெறும் வயதிலுள்ள மணமான தம்பதியரின் பட்டியல்தான். குடும்பநலம், கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி எல்லாம் அதிலிருந்தே கிளம்பும். அந்தப் பதிவேட்டில் மணமாகாத 40 வயதுப் பெண்ணுக்கு இடம் கிடையாது. ஆகவே பெண்களின் கர்ப்பப்பை பற்றிய எந்த வேலையிலும் முதல் கேள்வியாகக் கணவர் பெயரைக் கேட்பது எங்கள் கைக்குப் பழகிப்போனது. புற்றுநோய்ப் பரிசோதனை வந்தபோதும் அந்தக் கேள்வி அப்படியே ஒட்டிக்கொண்டது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் பரிசோதனைக்கு வி.ஐ.ஏ. என்று பெயர். பெண்ணை மேசையில் படுக்க வைத்து, பிறப்புறுப்பின் உள்ளே ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து விரித்து, கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை ஒற்றி எடுத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்போம். அறை முழுக்கக் காடி வாடை அடிக்கும். அந்த ஒரு நிமிடம் முழுவதும் கருவி உள்ளேயே இருக்கும். பிள்ளை பெற்ற பெண்களுக்கே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் நிமிடம் அது. பாலுறவு அனுபவமே இல்லாத பெண்ணுக்கு வழக்கமான அளவுக் கருவியை வைத்தால் வலி அதிகம். சிறிது இரத்தக் கசிவும் ஏற்படலாம். பிறகு அவர் வீட்டார் வந்து “பொண்ணை என்ன பண்ணுனீங்க” என்று கேட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் பணியாளர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒருவருக்கு வலிக்கும் என்பதும், ஒருவருக்கு நோய் வராது என்பதும் வேறு வேறு செய்திகள். முன்னதைச் சொல்லத் தயங்கிப் பின்னதைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நோய்க் கணக்கை இங்குள்ள மருத்துவர்கள் சொல்லட்டும்.

மகப்பேறு மருத்துவர் (கோவை) எழுதியது:

கொடிவேரி அவர்களுக்கு: உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில், முடிவு ஏறக்குறைய சரி, அதற்கு அவர்கள் வந்த வழி தவறு என்பதே. விரிவாக எழுதுகிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் சுமார் 14 வகைகளே புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றுநோயில் 70 விழுக்காட்டுக்குக் காரணம். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய ஆய்வு அதைவிட மிகப் பழையது. இத்தாலியின் வெரோனா நகரில் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1842-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கருப்பைப் புற்று மணமான பெண்களிடம் மிகுதியாகவும் கன்னியாஸ்திரீகளிடம் அரிதாகவும் இருப்பதையும், மார்பகப் புற்று கன்னியாஸ்திரீகளிடம் கூடுதலாக இருப்பதையும் அவர் காட்டினார். வைரஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் கிடைத்த தடயம் அது. அந்த இரண்டாம் பாதியை மறந்துவிட வேண்டாம். கீழே அதற்கு வருகிறேன்.

இந்த வைரஸ் இரத்தத்தின் வழியாகவோ காற்றின் வழியாகவோ பரவுவதில்லை. பிறப்புறுப்புப் பகுதியின் தோலும் சவ்வும் உரசுவதால் பரவுகிறது. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். முழுமையான உடலுறவு நடந்தால்தான் தொற்றும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. உறுப்பு உள்ளே செல்லாத நெருக்கத்திலும், வாய்வழி உறவிலும், இரு பெண்களுக்கு இடையிலான உறவிலும் தொற்றலாம். அமெரிக்காவில் கல்லூரி மாணவிகளிடம் நடத்தி 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், உடலுறவே கொள்ளாத பெண்களிடம் இந்தத் தொற்று அரிதாகவே இருந்தது. ஆனால் வேறு வகை நெருக்கம் இருந்தவர்களிடம் அது கூடியிருந்தது. ஆக, எந்த வகைப் பாலியல் நெருக்கமும் ஒருபோதும் இருந்திராத பெண்ணுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு. அறவே இல்லை என்று நான் எழுதமாட்டேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் ஒரு சிறு பங்கு எச்.பி.வி. தொடர்பு இல்லாமலும் வருகிறது; உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வகைப்பாடு அவற்றைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. அவை அபூர்வமானவை. எச்.பி.வி. சோதனையில் அவை தெரியாமல் போகவும் கூடும்; ஆகையால் அவற்றுக்காக எச்.பி.வி. சோதனை செய்துகொள்வதும் பொருளற்றது.

தொற்றினாலும் உடனே புற்று வந்துவிடுவதில்லை. பத்தில் ஒன்பது தொற்றுகளை உடலே இரண்டு ஆண்டுகளுக்குள் நீக்கிவிடுகிறது. எஞ்சியவை நிலைத்து, செல்கள் மாறி, புற்றாக உருவெடுக்கப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த நீண்ட இடைவெளியில் மாற்றத்தைக் கண்டுபிடித்து அகற்றிவிடலாம் என்பதே இந்தப் பரிசோதனையின் அடிப்படை. நம் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வில், செவிலியர் செய்த ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. சோதனை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. நம் மண்ணின் எளிய பெண்கள் தந்த அறிவு அது. அதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

இரண்டாவது கேள்வி. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 25 முதல் 64 வயது வரை அனைவரையும் அழைக்கிறது. ஆனால் எவ்விதப் பாலியல் தொடர்பும் இருந்திராதவருக்கு ஆபத்து மிகக் குறைவு, அவர் வராமல் இருக்க முடிவு செய்யலாம், விரும்பினால் வரலாம் என்று சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் பாலுறவு அனுபவம் உள்ளவர்களுக்கு என்றே வரையறுத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரையோ பாலுறவு வரலாறு எதுவாயினும் சோதனை செய்யலாம் என்கிறது. அறிவியலில் இவர்களுக்குள் முரண்பாடு இல்லை. பெண் தன் வாழ்க்கையை மருத்துவரிடம் முழுவதும் சொல்வாள் என்று எதிர்பார்க்கலாமா, கூடாதா என்பதில்தான் வேறுபடுகிறார்கள். நம் நாட்டில் 30 வயது கடந்த அனைவரையும் அழைப்பதையும் அப்படியே நான் புரிந்துகொள்கிறேன். எல்லோரையும் அழைத்துவிட்டுத் தனியறையில் கேட்டு முடிவெடுப்பது ஒரு முறை. மேசையிலேயே தாலியைப் பார்த்து முடிவெடுப்பதை ஒரு முறை என்றே சொல்ல முடியாது.

காங்கேயம் காளை எழுதியது:

ஆண் ஒருவன் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, அவசியத்தால் எழுதுகிறேன். என் அக்காவுக்கு 54 வயது. எங்களை ஆளாக்குவதிலேயே அவருடைய காலம் போய்விட்டது, திருமணம் செய்துகொள்ளவில்லை. மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆன பிறகு இப்போது அவ்வப்போது துணியில் இரத்தம் படுகிறது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். “கல்யாணம் ஆகாதவளுக்கு அந்த நோயெல்லாம் வராது, சூடு பிடிச்சிருக்கும்” என்று சொல்லி மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். மேலே மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகு, அக்கா சொல்வது சரிதான் என்று நாங்களும் விட்டுவிடலாமா?

மகப்பேறு மருத்துவர் (கோவை) எழுதியது:

விட்டுவிடக் கூடாது. இந்த வாரத்திலேயே அழைத்துச் செல்லுங்கள்.

நான் மேலே எழுதியது எந்தத் தொல்லையும் இல்லாத பெண்ணுக்குச் செய்யும் முன்பரிசோதனையைப் பற்றியது. மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது நோய்க்குறி. அதற்குக் காரணம் கண்டுபிடித்தே ஆகவேண்டும். இரண்டு மாதவிலக்குகளுக்கு இடையே இரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தண்ணீராக இடைவிடாமல் போவது, ஓயாத அடிவயிற்று வலி ஆகியவையும் அப்படித்தான். இவற்றில் எதற்கும் பாலுறவு அனுபவம் உண்டா இல்லையா என்பது காத்திருக்கக் காரணமாகாது.

உங்கள் அக்காவின் நிலையில் கர்ப்பப்பை வாயைவிடக் கர்ப்பப்பையின் உட்சுவரையே நான் முதலில் நினைப்பேன். கருவுறாத பெண்களுக்கு உட்சுவர்ப் புற்று, சூலகப் புற்று, மார்பகப் புற்று ஆகிய மூன்றும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். வெரோனாக் கன்னியாஸ்திரீகளைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். உடல் பருமனும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் உட்சுவர்ப் புற்றின் வாய்ப்பு இன்னும் கூடும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மாதவிலக்கு நின்ற பின் வரும் இரத்தப்போக்கில் பெரும்பாலானவை சவ்வு மெலிவதாலோ சிறு சதை வளர்ச்சியாலோ வருபவை. உட்சுவர்ப் புற்றாகவே இருந்தாலும், இரத்தம் பட்ட உடனே வருபவர்களிடம் அது பெரும்பாலும் தொடக்க நிலையிலேயே சிக்குகிறது. அறுவைச் சிகிச்சையால் குணமாகிவிடும்.

அக்காவின் கூச்சத்துக்கும் வழி உண்டு. முதலில் வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் செய்யலாம். உட்சுவரின் தடிப்பைத் துல்லியமாக அளக்க அது போதவில்லை என்றாலும் தொடக்கத்துக்கு உதவும். சதைப் பகுதி எடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தால் மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாம். ஸ்பெகுலம் வைக்காமலேயே மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்திக் கர்ப்பப்பைக்குள் பார்க்கும் முறையும் உள்ளது. பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கூட உங்கள் மனைவி இருக்கட்டும். இரத்தம் படுவதை மறைக்காமல், எப்போதிலிருந்து, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அக்கா வாய்விட்டுச் சொல்லவேண்டிய சங்கடமும் குறையும்.

விடுதிப் பொறுப்பாளர் (பல்லடம்) எழுதியது:

நூற்பாலை ஒன்றின் பெண்கள் விடுதியில் பொறுப்பாளராக இருக்கிறேன். வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த மணமாகாத பெண்கள் என் பொறுப்பில் தங்கியிருக்கிறார்கள். மருத்துவர் எழுதியதோடு ஒன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மணமாகாதவர் என்பதும் பாலியல் தொடர்பு இருந்திராதவர் என்பதும் ஒன்றல்ல.

சிறுவயதில் உறவினர் ஒருவரால் வன்கொடுமைக்கு உள்ளானதை இருபது ஆண்டுகள் கழித்து முதன்முதலாகச் சொல்லி அழுதவர்கள் உண்டு. காதலித்து ஏமாற்றப்பட்டவர்கள் உண்டு. விருப்பமின்றி நடந்ததைப் பாலுறவு என்றே கருதாமல், “எனக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்கக்கா” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மனதில் அது அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆனால் வைரஸுக்கு விருப்பம் என்ன, வன்முறை என்ன? இப்படிப்பட்டவர்கள் பதிவு மேசையில் கணவர் பெயர் இல்லை என்பதால் திருப்பி அனுப்பப்பட்டால், பரிசோதனை உண்மையிலேயே தேவைப்படும் பெண் அது கிடைக்காமல் போகிறார். மேசையில் நின்று உண்மையைச் சொல்லவும் அவரால் முடியாது. அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆகவே கேள்வி தனியறையில், பெண் ஒருவரால், தாயோ சகோதரியோ கூட இல்லாமல் கேட்கப்பட வேண்டும். மணமானவரா என்று கேட்பதற்குப் பதிலாக, “விருப்பத்தோடோ விருப்பமில்லாமலோ, யாருடனாவது உடல் நெருக்கம் இருந்திருக்கிறதா? பதில் இந்த அறையைத் தாண்டாது” என்று கேட்கலாம். பதில் சொல்ல விருப்பமில்லை என்றாலும் சோதனைக்கு இடம் தரலாம். பழைய கொடுமையைச் சொல்பவருக்குப் பரிசோதனையோடு நிறுத்திவிடாமல் 181 மகளிர் உதவி எண்ணையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்கு ஸ்பெகுலம் வைப்பதே பழைய காயத்தைக் கீறுவதாகிவிடலாம் என்பதையும் பணியாளர்கள் அறிந்திருக்க வேண்டும். நிறுத்தச் சொன்ன நொடியில் நிறுத்துவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கும்.

பொள்ளாச்சி அம்மா எழுதியது:

தொடர்புடைய ஒரு கேள்வி. என் மகளுக்கு 14 வயது. எச்.பி.வி. தடுப்பூசி போடலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். மாமியார், “வயசுக்கு வந்து ரெண்டு வருசம் ஆகல, அந்தச் சீக்குக்கு இப்பவே எதுக்கு ஊசி? ஊருக்குள்ள என்ன நினைப்பாங்க” என்கிறார். அவரை மீறிச் செய்ய மனமில்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது? கொடிவேரி அவர்களின் வயதில் இந்த ஊசியால் பயன் உண்டா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

மகப்பேறு மருத்துவர் (கோவை) எழுதியது:

வைரஸை ஒருமுறையும் சந்திக்காத உடலில்தான் இந்த ஊசி முழுப் பலன் தரும். தொற்றிய பிறகு போட்டால் அந்தத் தொற்றை அது நீக்காது. ஆகவே 9 முதல் 14 வயது வரை மிகப் பொருத்தமான வயது. மாமியாரிடம் ஊசி எதற்கு என்பதை மகளின் திருமணத்தோடு சேர்த்தே சொல்லுங்கள்: நாளை அவள் கட்டிக்கொள்ளும் கணவர் வழியாகவும் இந்த வைரஸ் வரலாம், அவள் ஒழுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, நாற்பது ஐம்பது வயதில் பேரப்பிள்ளைகளோடு இருக்கவேண்டிய காலத்தில் வரக்கூடிய நோயை இன்றே தடுக்கிறோம் என்று. 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்ததாகவும் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மணமாகி ஒழுங்காகக் குடும்பம் நடத்திய பெண்கள்.

புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் ஊசிக்கு 2022-இல் ஒப்புதல் கிடைத்து, 2023-இல் அது விற்பனைக்கு வந்தது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். அந்த ஊசி 9 முதல் 14 வயது வரை இரண்டு தவணை, 15 முதல் 26 வரை மூன்று தவணை. இளம் வயதினருக்கு ஒரே தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. தமிழக அரசும் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இதை வழங்க 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. வெளியே பணம் கட்டிப் போடுவதற்கு முன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிடுங்கள். ஊசி போட்ட பெண்ணும் பிற்காலத்தில் 30 வயதுக்கு மேல் பரிசோதனைக்கு வரவேண்டும்; எல்லா வகைகளையும் ஊசி தடுப்பதில்லை.

41 வயதில்: அமெரிக்காவில் 45 வயது வரை போட 2018-இல் அனுமதி தந்தார்கள். பாலியல் தொடர்பு இருந்திராதவருக்கும், இனியும் அதற்கான எண்ணம் இல்லாதவருக்கும் நான் வற்புறுத்தமாட்டேன். வருங்காலத்தில் திருமணம் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். அப்போது அது வீண் செலவல்ல.

வெள்ளோடு எழுதியது:

இவ்வளவு யோசிப்பானேன்? எல்லாப் பெண்களுக்கும் கட்டாயம் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. செய்வதால் யாருக்கு என்ன நட்டம்? செய்யாமல் விட்டு ஓர் உயிர் போனால் யார் பொறுப்பு?

ஓய்வுபெற்ற செவிலி (பெருந்துறை) எழுதியது:

வெள்ளோடு அவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் நட்டம் இல்லை என்பது உண்மையில்லை. வெள்ளைத் திட்டு தெரியும் பெண்கள் அனைவருக்கும் புற்று கிடையாது. மிகப் பெரும்பாலோருக்கு அது சாதாரணப் புண்ணாகவோ பழைய அழற்சியாகவோ இருக்கும். ஆனால் சந்தேகம் என்று எழுதியவுடன் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும், பெரிதாக்கிப் பார்க்கும் கருவியால் பார்க்கவேண்டும், சிலருக்குச் சதை எடுக்கவேண்டும். முடிவு வரும்வரை அந்தப் பெண் உறங்கமாட்டார். ஆபத்து உள்ளவருக்கு இந்த அலைச்சல் தகும். ஆபத்து மிகக் குறைவாக உள்ளவரிடம் நல்ல முடிவைவிடப் பொய்யான பயமே அதிகம் கிடைக்கும். வலியையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒருமுறை வலியோடு திரும்பிய பெண், பின்னால் உண்மையான நோய்க்குறி வந்தாலும் மருத்துவமனை வாசலை மிதிக்கத் தயங்குவார்.

கட்டாயம் வேண்டாம், தடையும் வேண்டாம். விவரம் சொல்லி அவர் முடிவுக்கு விடவேண்டும். செய்துகொள்ள விரும்பினால் அதற்கேற்ற முறையில் செய்யவேண்டும்: குறுகலான ஸ்பெகுலம் கேளுங்கள், எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அவசரப்படாமல் வைக்கச் சொல்லுங்கள். கருவியைத் தாமே மெல்ல உள்ளே வைத்துக்கொள்ள விரும்பும் பெண்களுக்கு அதற்கும் இடம் தரலாம். கன்னிச்சவ்வு கிழிந்துவிடுமோ என்று அம்மாமார் கேட்பார்கள். அந்தச் சவ்வின் நிலையை வைத்து ஒரு பெண்ணின் கடந்த காலத்தை யாராலும் சொல்ல முடியாது. வன்கொடுமைக்கு உள்ளான பெண்களிடம் விரல் வைத்துப் பார்க்கும் இருவிரல் சோதனை அவர்களின் கண்ணியத்தை மீறுவது என்று 2013-இலும், அதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று 2022-இலும் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தப் பயத்துக்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. எச்.பி.வி. சோதனைக்கு ஸ்பெகுலமே தேவையில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியைவிடச் சற்று நீளமான மென்தூரிகையைத் தாமே பிறப்புறுப்பினுள் சில விரற்கடை அளவு செலுத்தி, மெல்லச் சுழற்றி எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் எல்லாப் பெண்களுக்கும் இந்த வாய்ப்பைத் தந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்கிறது. நம் கிராமங்களுக்கு வி.ஐ.ஏ.-வுக்குப் பதிலாக இதுவே வரவேண்டும் என்று பணியில் இருந்த காலத்திலிருந்து நான் ஏங்குகிறேன். கொடிவேரி போன்றவர்களின் சங்கடத்தில் பெரும்பகுதி அப்போதே தீர்ந்துபோகும்.

காங்கேயம் காளை எழுதியது:

அக்கா வந்தார். பெண் மருத்துவரே பார்த்தார். தாளில் எழுதிக் கொடுத்தது பெரிதும் உதவியது. ஸ்கேனில் உட்சுவர் தடித்திருப்பதாகச் சொல்லி, மயக்க மருந்தோடு சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. “இத்தனை நாள் ஏம்மா வரல” என்று அந்த மருத்துவர் கடிந்துகொள்ளாமல் கேட்டது அக்காவுக்கு மிகவும் ஆறுதலாக இருந்திருக்கிறது. வழிகாட்டியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

கொடிவேரி (கோபி) எழுதியது:

காங்கேயம் அண்ணா, அக்காவுக்கு நல்ல முடிவு வரவேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

என் முடிவைச் சொல்கிறேன். எனக்கு எந்த நோய்க்குறியும் இல்லை. மருத்துவர் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் என்னிடம் இல்லை என்ற பதிலே உள்ளது. ஆகவே வி.ஐ.ஏ. இப்போது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இது என்னைத் திருப்பி அனுப்பியதால் வந்த முடிவல்ல. விவரம் தெரிந்து நானே எடுத்தது. மார்பகப் பரிசோதனையை விடமாட்டேன். அது எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை என்பதை இங்குதான் தெரிந்துகொண்டேன். மாதவிலக்கில் மாற்றம் தெரிந்தால் காத்திருக்கமாட்டேன்.

விடுதிப் பொறுப்பாளர் எழுதியது என்னை வெகுவாகப் பாதித்தது. என்னைப் போன்றவர் திருப்பி அனுப்பப்படுவதால் எனக்கு வந்தது சங்கடம் மட்டுமே. அதே மேசையில் வேறொரு பெண்ணுக்கு அது உயிர்ச்சேதமாகவும் முடியலாம். பதிவு மேசையில் கணவர் பெயர் கேட்கும் முறையை மாற்றச் சொல்லி எங்கள் வட்டாரத்தில் முறையிட விரும்புகிறேன். யாரிடம், எப்படி எழுதுவது?

ஓய்வுபெற்ற செவிலி (பெருந்துறை) எழுதியது:

அம்மிணி, வட்டார மருத்துவ அலுவலர் பெயருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். யார் மீதும் குற்றம் சாட்டவேண்டாம். மூன்று வேண்டுகோள் போதும். பதிவு மேசையில் வயதும் முகவரியும் மட்டும் கேட்கவேண்டும். பாலுறவு பற்றிய கேள்வியைத் தனியறையில் பெண் பணியாளர் ஒருவர் மட்டும் கேட்கவேண்டும். வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெண்ணின் அட்டையில், விளக்கம் பெற்ற பின் அவரே மறுத்தார் என்று எழுதவேண்டும். மணமாகாதவர் என்று காரணம் எழுதக் கூடாது. குறுகலான ஸ்பெகுலம் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும் என்பதையும் கடைசியில் சேர்த்துவிடுங்கள். வாங்குவதற்குப் பெரிய செலவில்லை.

நகல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வைக்கச் சொல்லலாம். சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் அங்கே வந்திருப்பார். பேசத் தயக்கமாக இருந்தால் மகளிர் சுய உதவிக் குழுவினர் நாலைந்து பேரைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அவர்களில் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். மனுவின் வரைவை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்; துறையில் புழங்கும் சொற்களை நான் சேர்த்துத் தருகிறேன்.